வீட்டுப் பெயர், பள்ளிப் பெயர்

என் தம்பி தொலைந்தது 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு. அவனுக்கு அப்போது நான்கு வயது, எனக்குப் பதினொன்று. போர் நெருங்குகிறது, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போகும் வீதியில் ஊர் ஊராகச் சனம் நின்றது. நடந்தோம் என்று சொல்ல முடியாது. முன்னால் நிற்பவரின் முதுகோடு ஒட்டியபடி ஓர் அடி வைப்போம், பிறகு அரை மணி நேரம் நிற்போம். அப்பா உருட்டிய சைக்கிளில் அரிசி மூட்டையும் அதன் மேல் அப்பம்மாவும். செம்மணி வெளியில் எங்கேயோ தம்பியின் கை அம்மாவின் கையிலிருந்து நழுவிவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் கிடைத்தான். முன்பின் தெரியாத ஓர் அம்மா அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். தேடுவோர் பார்க்கட்டும் என்று அந்தப் பாடசாலை வாசலில் தொலைந்த பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அப்பா முதல் நாளே அதை விரல் வைத்து வாசித்துவிட்டுப் போயிருந்தார். அவர் தேடியது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருந்த பெயரை. பட்டியலில் இருந்ததோ, "குட்டியன், வயது 4, தகப்பன் பெயர் அப்பா." எழுதியவர் மீது பிழையில்லை. பிள்ளை சொன்னதைத்தான் எழுதியிருந்தார்.

2009இல் வவுனியா செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமில், பிள்ளைகளுக்கான வேலைத்திட்டம் ஒன்றில் நான் சேர்ந்தபோது இந்தக் கதை எனக்கு நினைவில்கூட இல்லை. போரில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். நினைத்தபடி வெளியே போய்வர அனுமதி கிடைத்தது அந்த ஆண்டு டிசெம்பர் மாதத்தில்தான். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று பெரியவர்களின் பெயர்கள். பெரியவர்களின் பெயர் பலகைகளில் பிழையில்லாமல் இருந்தது. பிள்ளைகளின் பெயரை எழுதத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களிடம் தந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரை ஒருவர் முதற்கட்டத்தில் எழுதினார், இன்னொருவர் இரண்டாவதில் எழுதினார், மூன்றாமவர் முதலெழுத்தை மட்டும் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம் ஒரு பட்டியலில் ஒரு மாதிரி வரும், மற்றதில் வேறு மாதிரி வரும். இப்படி ஒரே பிள்ளை மூன்று பட்டியல்களில் மூன்று பிள்ளைகளாக இருந்தான். அவனைத் தேடும் தாய் நான்காவது பட்டியலில் இருந்தார்.

ஒரு நாள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தன் பெயர் "குஞ்சு" என்றாள். தகப்பன் பெயர் கேட்டால் "அப்பா" என்றாள். அப்போதுதான் சாவகச்சேரி வாசலில் விரல் வைத்து வாசித்த அப்பா என் கண்முன் வந்து நின்றார். அடுத்த நாளே வவுனியாவில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நிரல்களுக்குத் தமிழில் தலைப்பு எழுதினேன்: பள்ளிப் பெயர், வீட்டுப் பெயர், தாயின் பெயர், தகப்பனின் முழுப்பெயர், ஊர், கடைசியாகப் படித்த பாடசாலை, வகுப்பாசிரியரின் பெயர், கோயில் அல்லது தேவாலயம், இப்போது யாருடன் இருக்கிறார், குறிப்பு. பெயர்களைப் பிள்ளை உச்சரித்தபடியே தமிழில் எழுதுவது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. ஆங்கிலப் படிவத்தை அதன் பிறகு நிரப்பினால் போதும்.

இதில் அதிகம் உதவியது வகுப்பாசிரியர் நிரல். சிறுபிள்ளைக்குக் கிராம அலுவலர் பிரிவு தெரியாது, ரீச்சரைத் தெரியும். வன்னி ஆசிரியர்களும் அதே முகாம்களில்தான் இருந்தார்கள். விசுவமடுப் பக்கத்தில் படிப்பித்த ஓர் ஆசிரியை, தன் வகுப்பின் வரவுப் பதிவேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வரிசை பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னார். தகப்பன் பெயர், ஒழுங்கை, எந்தப் பிள்ளைக்கு எத்தனை சகோதரர் எல்லாம் சொன்னார். இடையிடையே ஒரு பெயரில் நிற்பார், பிறகு தொடர்வார். ஏன் நின்றார் என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை வைத்துக்கொண்டுதான் குஞ்சுவின் சித்தியை வேறொரு வலயத்தில் கண்டுபிடித்தோம். போரில் சிதறிய பிள்ளைகளுக்காக யாராவது வேலை தொடங்கினால், படிவம் அச்சடிக்கும் முன் அந்த ஊர் ஆசிரியர்களைத் தேடிப் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேட்கும் விதமும் உண்டு. "உன் அம்மா எங்கே?" என்று எடுத்தவுடன் கேட்கக் கூடாது. நான் அப்படிக் கேட்டு, பதில் சொல்லாமல் மூன்று நாள் என் பக்கமே வராத ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். "கடைசியாக யாரோடு இருந்து சாப்பிட்டாய்? எந்த இடத்தில்?" என்று கேட்டால் சொல்வார்கள். ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்து வந்த இடங்கள் அவர்களுக்கு அத்துப்படி. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். ஏழு வயதுப் பிள்ளைகள் இதை வாய்ப்பாடு போல ஒப்புவிப்பார்கள். எந்த இடத்துக்குப் பிறகு அம்மாவின் பெயர் கதையில் வரவில்லை என்று கவனித்தால், எங்கே தேடத் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

சில நேரம் தேட வேண்டிய இடம் மருத்துவமனை. காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் மாத்தளன் கரையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் கொண்டு போனது. காயப்பட்ட பிள்ளையோடு தாய் கப்பலில் ஏறினால் மற்றப் பிள்ளைகள் கரையில். தாயே காயப்பட்டால் எல்லாப் பிள்ளைகளும் கரையில். ஒரு தாய் கப்பலுக்கு ஏற்றப்படும் முன் தன் இரண்டு பிள்ளைகளின் சட்டை ஓரத்திலும் பேனையால் பெயரும் தன் தமையனின் பெயரும் எழுதியிருந்தார். உப்புத் தண்ணீரில் பாதி அழிந்திருந்தது, ஆனாலும் வாசிக்க முடிந்தது. 2022இல் உக்ரைன் தாய்மார் பிள்ளைகளின் முதுகில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியதையும், 2023இல் காசாவில் பெற்றோர் பிள்ளைகளின் கைகால்களில் அவர்களுடைய பெயரை எழுதியதையும் செய்தியில் பார்த்து உலகம் திடுக்கிட்டது. எனக்கு அந்தச் சட்டை ஓரம்தான் நினைவுக்கு வந்தது.

ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 8ஆவது உறுப்புரை, பிள்ளையின் பெயரையும் குடும்ப உறவுகளையும் உள்ளடக்கிய அடையாளத்தைப் பாதுகாப்பது பற்றியது. இலங்கை 1991இலேயே அதில் சேர்ந்துவிட்டது. பயிற்சி வகுப்பில் அதைப் படித்தபோது சட்டத்தரணிகள் சமாசாரம் என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அடுத்த சிக்கல் வயது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எந்தப் பங்கரில், எந்தப் பதுங்குகுழியில் போனதோ தெரியாது. உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம்தான், ஆனால் உத்தேசத்துக்கும் ஓர் அடிப்படை வேண்டும். ஆண்டு தெரியாத பாட்டிமாருக்கு நிகழ்ச்சி தெரியும். "யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு முதலா, பிறகா?" அது 1995. "ஜயசிக்குறு தொடங்கும்போது?" வன்னிக்குள் வந்த அந்த இராணுவ நடவடிக்கை 1997. "ஏ9 பாதை திறந்தபோது நடக்கத் தொடங்கிவிட்டானா?" 2002. "சுனாமிக்கு அப்போது பால்குடியா?" 2004 டிசெம்பர். "பாதை பூட்டியபோது?" 2006 ஆகஸ்ட். இந்த ஐந்து கேள்விகளிலும் ஒரு பிள்ளையின் வயதை ஓரளவுக்கு நெருங்கிவிடலாம். எங்கள் பிள்ளைகளின் வயதை எண்ணுவதற்கு வேறு நல்ல நாட்களே கிடைக்கவில்லையா என்று ஒரு பாட்டி கேட்டார். அதோடு, பேரன் பிறந்தது கோயில் கொடியேறிய அன்று என்றும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன். மாதம் அதில்தான் கிடைத்தது.

எழுதக் கூடாததும் உண்டு. இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் கொப்பியில் கடைசி நிரல் "குறிப்பு" என்று இருந்தது. வன்னியில் கடைசிக் காலத்தில் பிள்ளைகள் புலிகளின் படைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள், சிலர் சில வாரங்களில் தப்பி வந்தார்கள். பொழுது படும் நேரத்தில் அவர்களாகவே வந்து அதைச் சொல்வார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் நல்ல மனதோடுதான் அதைக் குறிப்பு நிரலில் எழுதி வைத்தார். இரண்டு நாள் கழித்து, யாரென்று சொல்லாத ஒருவர் வந்து கொப்பியைப் பார்க்கலாமா என்றார். அன்றைக்குக் கொப்பி என்னோடு வெளியே போயிருந்தது. திறமையால் அல்ல, தற்செயலாக. அன்றிரவே அந்த நிரலை வெட்டி எடுத்தேன். பிள்ளை நம்பிச் சொன்ன செய்தி மனதில் இருக்கலாம், சிறுவர்களுக்குப் பொறுப்பான நன்னடத்தை அலுவலரிடம் நேரில் சொல்லலாம். எல்லோர் கையிலும் புழங்கும் கொப்பியில் அதற்கு இடமில்லை.

விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் சில வாரம் சின்னவர்கள் ஒரே விளையாட்டுத்தான் ஆடினார்கள். எறிகணை வருவதாக ஒருவன் "செல்!" என்று கத்துவான், மற்றவர்கள் குப்புற விழுவார்கள், இரண்டு பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெரியவர்கள் அதட்டி நிறுத்தினார்கள். நானும் அதட்டினேன். ஓர் உளவளத்துணையாளர், நிறுத்த வேண்டாம், எப்படி முடிகிறது என்று மட்டும் பாருங்கள் என்றார். பார்த்தோம். நாள் போகப் போக, தூக்கிக்கொண்டு போனவனுக்கு மருந்து கட்டும் கட்டம் வந்தது. பிறகு அவன் எழும்பி நடக்கும் கட்டம் வந்தது. கடைசியில் மருந்து கட்டுவதுதான் முழு விளையாட்டு என்றாகி, செல் காணாமல் போய்க் கிளித்தட்டு வந்தது. ஒரு பிள்ளை மட்டும் எத்தனை நாளானாலும் விழுந்த இடத்திலேயே கிடந்தான். எழும்பவே இல்லை. மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவன் அவன்தான் என்று அப்போது தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் மனவடு என்று முத்திரை குத்திக்கொண்டு வந்தவர்கள் இவனைக் கண்டிருக்கவே மாட்டார்கள்.

வந்தவர்களும் பலர். ஓர் அமைப்பு வெள்ளைத் தாளும் நிறப் பென்சில்களும் கொண்டுவந்து, பிள்ளைகள் கண்டதை வரையட்டும் என்றது. பிறகு அவற்றைப் படம் பிடித்தது. மூன்றாம் முறை வந்தபோது ஒன்பது வயதுப் பையன் என் காதில் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, இன்றைக்கும் ஹெலிகொப்டர் போட வேண்டுமா, மாடு கீறலாமா?" ஹெலிகொப்டர் கீறியவர்களுக்குப் பென்சில் பெட்டியை வைத்துக்கொள்ளக் கொடுத்திருந்தார்கள். அவன் கீற விரும்பியது கிளிநொச்சியில் விட்டுவந்த வெள்ளைப் பசுவை. ஒரே அமர்வில் பிள்ளையைக் கிண்டிக் கிளறிப் பேச வைத்துவிட்டுப் போவது பயன் தராது, தீங்கும் செய்யலாம். 2007இல் வெளிவந்த பன்னாட்டு அமைப்புகளின் உளசமூக வழிகாட்டியும் அத்தகைய வேலையை வேண்டாம் என்கிறது. ஆனால் படம் எடுக்க வருபவர்கள் வழிகாட்டி வாசித்துவிட்டு வருவதில்லை. நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம்: பென்சில் எல்லோருக்கும், முன்கூட்டியே, எதைக் கீறினாலும், படம் எடுக்கப் பிள்ளையும் வளர்ப்பவரும் இருவரும் சம்மதித்தால் மட்டும், அதுவும் முகம் தெரியாமல். அதற்குப் பிறகு வருகைகள் குறைந்தன.

பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியதில் பெரிய பங்கு பாடசாலை மணிக்கு உண்டு. தறப்பாள் கொட்டிலில் பாடசாலை. மரத்தில் கட்டிய லொறி ரிம், அடிக்க ஓர் இரும்புத் துண்டு. ஆசிரியர் வராத நாளும் உண்டு, புத்தகம் இல்லாத நாட்களோ எண்ணிக்கையில்லை. ஆனாலும் எட்டு மணிக்கு அடித்தோம், இடைவேளைக்கு அடித்தோம், முடியும்போது அடித்தோம். ஆகஸ்ட் மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்த மறுநாள் அடிக்க வேண்டுமா என்று தயங்கி நின்றோம். அதற்குள் ஒரு பையன் போய் அடித்துவிட்டான்.

வளர்ந்த பெண் பிள்ளைகளின் தேவை வேறு. மலகூடம் தொலைவில், வழியில் வெளிச்சமில்லை. அதனால் மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள். இது எங்களுக்குத் தெரியவே ஒரு மாதம் ஆனது, ஏனென்றால் மலகூட வசதி பற்றிக் கேட்கப் போனவர்கள் எல்லோரும் ஆண்கள். ஐந்து தாய்மார் முறைபோட்டு இரவில் விளக்கோடு போய் வந்தார்கள், குளிக்கும் இடத்துக்குச் சாக்கில் மறைப்புக் கட்டினார்கள். பதினாறு, பதினேழு வயதிலேயே கையில் குழந்தையோடு இருந்தவர்களும் அங்கே இருந்தார்கள். பிடித்துப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் பங்கருக்குள் அவசரமாகக் கட்டிவைத்த கலியாணங்கள், பதிவு இல்லாதவை. தாயானவளும் ஒரு பிள்ளை என்பதை மறந்து, அவளைத் தாய்மார் வரிசையில் நிறுத்திப் பால்மா கொடுத்து அனுப்பிவிட்டோம். அவளுடைய குழந்தைக்குப் பிறப்புப் பதியப் போனபோதுதான் தகப்பனின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக நின்றது. பதிவாளர்கள் முகாமுக்கு வரும் நடமாடும் சேவைக்கு இவர்களைத்தான் முதலில் கூட்டிப் போயிருக்க வேண்டும். நாங்கள் கடைசியில் கூட்டிப் போனோம்.

சிறுவர் இல்லங்களின் விடயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. நல்ல இல்லங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நான் அங்கே விசாரித்த பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார், வறுமைதான் அனுப்பியிருந்தது. மூன்று பேரப்பிள்ளைகளோடு இருந்த ஒரு பாட்டியிடம், இருவரை ஓர் இல்லத்துக்கும் பெண் பிள்ளையை இன்னோர் இல்லத்துக்கும் தரச் சொல்லி வந்தார்கள். அவர் படுக்கை விரித்துக் காட்டினார். ஒரே பாயில் மூன்று தலை. "இதில் எந்தத் தலையை எடுக்கப் போகிறீர்கள்?" என்றார். பாட்டிக்கு மாதம் கொஞ்சம் பணமும் ஒரு தையல் இயந்திரமும் ஏற்பாடு செய்ய எட்டு மாதம் ஓடினேன். இல்லத்தில் சேர்க்கும் படிவமோ ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

2009 இறுதியில் வவுனியா மாவட்டச் செயலகத்தில், யுனிசெப் ஆதரவோடு, குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவு தொடங்கியது. எங்கள் பட்டியல் அங்கே போய்ச் சேர்ந்தது. முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. வேலையை விட்டபோது எல்லாவற்றையும் ஒப்படைத்தேன், கொப்பியின் ஒரு போட்டோப் பிரதியைத் தவிர. அது விதிக்கு முரண். பிள்ளைகளின் இரகசியம் காக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான். ஆனாலும் அது என் அலுமாரியில் பூட்டி இருக்கிறது. சில பெயர்களுக்கு எதிரே இன்னும் சரி அடையாளம் இல்லை.

போன ஆண்டு ஓர் இளைஞன் தொலைபேசியில் வந்தான். சுனாமிக்கு அப்போது பால்குடியாக இருந்தவன். அவன் வீட்டில் தப்பியது அவன் மட்டும், பிறகு மாமி ஒருவர் வளர்த்தார். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போன இடத்தில், அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பாடசாலைச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் தகப்பன் பெயர் இருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்களாம். நான் பக்கத்தைத் தேடி எடுத்து, அவனுடைய வரியைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். தகப்பனின் முழுப்பெயரைக் குறித்துக்கொண்டான். அதற்கு முன்னால் ஒரு நிரல் வந்ததே, அது என்ன என்று கேட்டான். வீட்டுப் பெயர் என்று சொல்லி, மறுபடி வாசித்தேன். தன்னை அப்படித்தான் கூப்பிட்டார்களா என்று கேட்டான்.